பத்துக்கு நாலு

பின் ரூம்ல இருந்து உஸ்ஸுன்னு சத்தம் வந்தா என் தையல் மெஷின் நின்னுடும். மெஷினுக்கு ஒண்ணும் இல்ல, மிதிக்கிற என் கால்தான் நின்னு போகும். எங்க அக்கா கேஸ் டார்ச்சைப் பத்தவைக்கிற சத்தம் அது. அதுல ரெண்டு வகை இருக்கு. சின்னதா விட்டு விட்டு வந்தா ஏதோ ஒரு கம்மலுக்குக் கொக்கி ஒட்டறான்னு அர்த்தம். கனமா விடாம வந்தா போச்சு, செஞ்சதை எல்லாம் மறுபடி உருக்கறா. மூணு வருஷமா நான் அதிகம் கேட்டது ரெண்டாவது சத்தத்தைத்தான்.

"உங்க அக்கா வெள்ளியில நகை செய்யறாங்களாமே, ஒண்ணு காட்டேன்"னு தைக்கக் கொடுக்க வர்றவங்க எல்லாம் கேப்பாங்க. என்னத்தைக் காட்டறது? முன் ரூம்ல நான் தைக்கிறேன், நடுவுல சமையல், பின் ரூம்ல அவ. இந்த மூணு ரூமைத் தாண்டி ஒரு மோதிரம் வெளிய வந்ததில்ல. "வாங்கினது என்னவோ ஒரே வெள்ளிதான், வேஷம்தான் தினம் மாறுது"ன்னு என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். லாரி மெக்கானிக் அவர். பிரேக் பிடிச்சா வண்டியை விட்டுடுவார். எங்க அக்கா பிரேக் பிடிச்சாலும் விட மாட்டா, ஏன் பிடிக்குதுன்னு கழட்டிப் பாப்பா.

அக்கா டீச்சர். டீச்சரா இருந்தவன்னு சொல்லணும், எனக்கு இன்னும் அப்படி வாய் வரல. இருபது வருஷத்துக்கு மேல ஒரே பள்ளிக்கூடம், மொழிப்பாடம். தெருவுல நடந்தா பாதிப் பேர் வணக்கம் வைப்பாங்க, மீதிப் பேர் சைக்கிளைத் திருப்பிக்கிட்டு வேற சந்துல போவாங்க. கல்யாணம் வேண்டாம்னுட்டா. "வகுப்புக்கு நாப்பது பேரை வெச்சு மேய்க்கிறேன், வீட்டுக்கு வந்து இன்னொருத்தரையும் மேய்க்கவா?"ம்பா. நல்லா சிரிப்பா அப்பல்லாம்.

வருஷக் கடைசியில மட்டும் சிரிக்க மாட்டா. விடைத்தாள் கட்டைச் சாப்பாட்டு மேஜையில பிரிச்சு வெச்சுக்கிட்டு, சிவப்புப் பேனா மூடியைக் கழட்டுவா, மாட்டுவா, கழட்டுவா, மாட்டுவா. அவ பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளையும் ஃபெயில் ஆகக் கூடாது, அப்படி ஒரு சட்டம். "தன் பேரைத் தாண்டி ஒரு வரி எழுதத் தெரியாத பிள்ளைடி. இதுக்கு முப்பத்தஞ்சு மார்க்கை நான் எங்க இருந்து எடுக்கறது?"ன்னு என்கிட்ட கேப்பா. "போட்டுத் தொலை, உன் வீட்டுச் சொத்தா போகுது?"ம்பேன். ஹெட்மாஸ்டரும் இதையேதான் கொஞ்சம் மரியாதையா சொல்லுவாராம். "நீங்க போடறீங்களா டீச்சர், இல்ல நான் போட்டுக்கட்டுமா?" அவர் கையால போட்டா அது பிள்ளைக்குக் கேவலம்னு நினைச்சு இவளே போட்டுடுவா. போட்டுட்டு அன்னைக்குச் சாப்பிட மாட்டா.

எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து முட்டிக்கிச்சு.

ஞாயித்துக்கிழமை நான் கடை திறக்க மாட்டேன். கதவுல போர்டு மாட்டி வெச்சிருக்கேன். அன்னைக்கு நாங்க மூணு பேரும் சாப்பிட உக்காந்த நேரம், யாரோ கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டறாங்க. பிசைஞ்ச கையோட எழுந்து போய்த் திறந்தா, இருபது வயசு இருக்கும், ஒரு பொண்ணு நிக்கறா. கையில யூனிஃபார்ம் துணி. பிரெட் ஃபாக்டரியில பேக்கிங் வேலையில சேர்ந்திருக்கா, மறுநாளே வேணுமாம். எனக்கு வந்துச்சே கோபம்.

"ஞாயிறு விடுமுறைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன். உனக்குப் படிக்கத் தெரியாதா?"

கோபத்துல எல்லாரும் கேக்கற கேள்விதானே அது. இதுக்கு யாராவது பதில் சொல்வாங்களா? அவ சொன்னா.

"தெரியாதுக்கா."

வெக்கமும் இல்ல, வருத்தமும் இல்ல. கடைத்தெருவுல வழி கேட்டா "எனக்குத் தெரியாதுங்க"ன்னு சொல்றோமே, அந்த மாதிரி சொன்னா. எனக்குக் கை காய்ஞ்சு போச்சு. அதுக்குள்ள அவ என் தோளுக்கு மேல எட்டிப் பாத்து, "ஐ, டீச்சர்!"னு கத்தினா. முகமெல்லாம் பல்லு. "இது உங்க வீடா டீச்சர்? அக்கா, நான் எட்டாவது வரைக்கும் டீச்சர்கிட்டதான் படிச்சேன்!"

எங்க அக்கா பின்னாடி வந்து நின்னிருக்கா. கையில தண்ணி டம்ளர். அதைக் கீழ வைக்கவும் இல்ல, குடிக்கவும் இல்ல.

"உள்ள வா. உக்காரு. இப்பவே ஆரம்பிக்கலாம், நான் சொல்லித் தரேன்"னா அக்கா. அவ குரலே சரியில்ல.

"எதை டீச்சர்?"

"படிக்க."

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. "ஐயோ, இப்ப எதுக்கு டீச்சர்? நான்தான் பாஸ் ஆயிட்டேனே!"

நான் அளவெடுத்துக்கிட்டு அவளை அனுப்பி வெச்சேன். அன்னையில இருந்து எங்க வீட்டுல அவ பேரு 'ஞாயிறு'. நான் வெச்ச பேரு. அக்கா சாப்பாட்டுக்குத் திரும்பவே இல்ல.

அடுத்த சில நாள்ல ஒரு சாயங்காலம் வந்து பையை ஆணியில மாட்டிட்டு, "கொடுத்துட்டேன்"னா.

"எதைக் கொடுத்தே?"

"ராஜினாமாவை."

நான் கத்தின கத்துல எதிர் வீட்டு ஜன்னல் திறந்துச்சு. "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஊர்ல இருக்கறவங்க எல்லாம் இந்த வேலைக்குத் தவம் கிடக்கறாங்க, நீ என்னமோ பழைய சேலையைத் தூக்கிப் போடற மாதிரி போட்டுட்டு வந்திருக்கே! திரும்பக் கேட்டா கொடுப்பாங்களா?" கொடுக்க மாட்டாங்க. அதுவும் எங்களுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு அடுத்த மாசமே வேற டீச்சர் வந்தாச்சு.

நகை வேலை அவளுக்குப் புதுசு இல்ல. ஒரு கோடை லீவுல எங்கயோ ஒரு ஹால்ல வெள்ளி வேலை வகுப்பு நடந்துச்சு, போய்க் கத்துக்கிட்டு வந்தா. பொழுதுபோகாம கத்துக்கிட்டதுதான். கம்பியை வளைக்க, தகட்டை அறுக்க, வெண்காரம் தடவி, உருகிப் பிடிக்கிற பொடி வெச்சு, நெருப்பு காட்டி ஒட்ட வைக்க எல்லாம் வரும். பின் ரூம்ல இருந்த என் பழைய துணி மூட்டையை எல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு ஒரு மேஜை போட்டா. குறடு, அரம், இடுக்கி, உப்புத்தாள், ஒரு விளக்கு, கண்ணுல வெச்சுப் பாக்கற பூதக்கண்ணாடி. "இனிமே இதுதான் என் தொழில்"னா.

"ஏன்க்கா இது?"ன்னு கேட்டேன்.

"வெள்ளிக்கு யாரும் ஃபோன் பண்ணிச் சிபாரிசு சொல்ல முடியாதுடி. ஒட்டினா ஒட்டும். ஒட்டலைன்னா கீழ விழும். அவ்வளவுதான்."

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்களுக்கு யாருக்கும் தோணாத ஒண்ணு நடந்துச்சு. வேலையை விட்டுட்டு வந்தவ சிவப்புப் பேனாவை விட்டுட்டு வரல.

ஒரு நகை முடிஞ்சா அதை விளக்குக்கு அடியில வெச்சு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, திருப்பித் திருப்பிப் பாப்பா. அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்துல சிவப்புல மார்க் எழுதி, நூல்ல கட்டித் தொங்க விடுவா. பத்துக்கு மூணு. பத்துக்கு நாலு. பத்துக்கு நாலரை. ஒன்பதுக்குக் கீழ எதுவும் வீட்டை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு அவளா ஒரு சட்டம் போட்டுக்கிட்டா. ஃபெயில் ஆனதெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுல விழும். டின் நிறைஞ்சா டார்ச்சைப் பத்தவைப்பா.

எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! "நல்லாத்தானேக்கா இருக்கு?"

"பின்னாடி பாரு. பொடி வழிஞ்சு கட்டி கட்டியா நிக்குது."

"காதுல போட்டா பின்பக்கம் யாருக்குத் தெரியும்? கொஞ்சம் தேய்ச்சு விட்டா சரியாயிடும்."

"தேய்ச்சா தெரியாம போகும். சரியாகாது."

என் தொழிலைப் பாருங்க. சட்டைக் கை ஒரு நூல் ஏறி இருந்தா நான் அயர்ன் பண்ணி, மடிச்சு, சிரிச்சுக்கிட்டே கொடுத்துடுவேன். போட்டுக்கிட்டுப் போறவ கையை ஆட்டிக்கிட்டுத்தானே போகப்போறா, டேப்பு வெச்சு அளக்கவா போறா? உலகமே அப்படித்தான் ஓடுது. இதைச் சொன்னா அக்கா அரத்தை எடுத்துக்கிட்டு ராவ ஆரம்பிச்சுடுவா. அந்தக் கரகர சத்தமே எனக்குப் பதில்.

அவ கையில இருந்ததும் கரைஞ்சுது. எங்களுக்கு அவ பாரம் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா அவளுக்கு அவளே பாரமாத் தெரிய ஆரம்பிச்சா. சாப்பாட்டுல ரெண்டாவது தடவை போட்டுக்க மாட்டா. புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தா பெட்டியைப் பிரிக்கவே மாட்டா. சம்பாதிச்சு நிமிர்ந்து நடந்தவ, வீட்டுக்குள்ள ஓரமா நடக்கக் கத்துக்கிட்டா.

அப்பத்தான் அந்த நல்ல காலம் வந்து கதவைத் தட்டுச்சு. துணிக்கடைக்காரம்மா எனக்கு ஓரம் அடிக்கிற வேலை கொடுக்கறவங்க. ஒரு நாள் துணி எடுக்க வந்தவங்க, பின் ரூம் பக்கம் எட்டிப் பாத்துட்டாங்க. மேஜை மேல ஒரு ஜோடி கம்மல். சின்ன இலை மாதிரி, நடுவுல நரம்பு ஓடற மாதிரி சுத்தியலால தட்டினது. இன்னும் மார்க் போடல, அது பிழைச்சுக் கிடந்துச்சு.

"டீச்சர், இது நீங்க செஞ்சதா? இதை வெச்சுக்கிட்டா சும்மா உக்காந்திருக்கீங்க?" அவங்க பெரிய கடைக்கு மாறப்போறாங்களாம். வாசல் பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி. "அதை உங்களுக்குத் தரேன். நிரப்பிக் கொடுங்க. ஆனா திறப்பு விழா அன்னைக்குக் காலியா மட்டும் இருக்கக் கூடாது டீச்சர். காலியா இருந்தா வேற யாருக்காவது கொடுத்துடுவேன், அப்புறம் என்கிட்ட கோவிச்சுக்காதீங்க."

அக்கா முகத்தைப் பாக்கணுமே! செருப்புப் பெட்டியைப் பிரிச்சா. அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போய் அந்த அலமாரியை அளந்துக்கிட்டு வந்தா. எத்தனை தட்டு, எத்தனை கொக்கி, வெளிச்சம் எந்தப் பக்கம் விழும், எல்லாம் என்கிட்ட சொல்லிச் சொல்லி மாய்ஞ்சா. எனக்கும் புரிஞ்சுது, இந்த அலமாரி நிரம்பினா எங்க அக்கா நிமிர்ந்துடுவா. இதுவும் போனா அவளுக்கு வேற கதவே இல்ல.

உக்காந்து வேலை செஞ்சா, பாருங்க, பேய் மாதிரி செஞ்சா. ஒரு நாள் பின் ரூம்ல இருந்து, "ஏய், ஒன்பது!"ன்னு ஒரே கத்தல். நான் ஊசியைத் துணியிலேயே விட்டுட்டு ஓடினேன். ஒரு மோதிரம். அடுத்த வாரம் ஒரு வளையல், அதுக்கும் ஒன்பது. ரெண்டையும் ஒரு வெல்வெட் துண்டுல வெச்சு, சமையல் பண்ணிக்கிட்டே போய்ப் போய்ப் பாத்துட்டு வந்தேன். எனக்கென்னமோ ரெண்டும் குழந்தை தூங்கற மாதிரி இருந்துச்சு.

விழா நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் வந்துடுச்சு. ஊரே வந்து பாக்கப்போகுதே! அந்த ரெண்டையும் மறுபடி விளக்குக்கு அடியில வெச்சா. "அன்னைக்கு வெளிச்சம் சரியில்லடி. இது ஏழுதான்"னா. கொஞ்ச நேரத்துல அந்தக் கனமான உஸ்ஸு. நான் சமையல் ரூம்ல கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். போய்த் தடுக்கலாம், நெருப்பைக் கையில வெச்சிருக்கறவகிட்ட போய் என்னத்தைத் தடுக்கறது?

திறப்பு விழா அன்னைக்குக் காலையில வெல்வெட் துண்டுல ஒண்ணு கூட இல்ல. டின் மட்டும் கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருந்துச்சு. அக்கா கேஸ் சிலிண்டர் மாத்திக்கிட்டு வரப் போயிருந்தா. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?

டின்னை என் தையல் மேஜை மேல கவுத்துக் கொட்டினேன். கம்மல், மோதிரம், வளையல், சங்கிலி. ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு சிவப்பு எழுத்து. என் கத்திரிக்கோலை எடுத்து ஒவ்வொரு நூலையும் வெட்டினேன். நாலு, வெட்டு. ஆறு, வெட்டு. மூணரை, போடி நீயும் உன் மூணரையும், வெட்டு. மார்க் எல்லாம் என் கந்தல் பையில விழுந்துச்சு. நகையை லைனிங் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போய் என் கையாலயே அலமாரியை நிரப்பினேன். அந்தக் கண்ணாடிக்குள்ள லைட்டு போட்டதும், சத்தியமா சொல்றேன், எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. இதையா உருக்கத் தூக்கிப் போட்டா?

சிலிண்டருக்கு அலைஞ்சுட்டு அக்கா சாயங்காலம்தான் வந்தா, நானே சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள துணிக்கடைக்காரம்மாவே மூச்சு வாங்க வந்து நின்னாங்க. "டீச்சர்! பாதி அலமாரி ஒரே நாள்ல போயிடுச்சு! அந்த இலைக் கம்மலுக்கு ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டாங்க. இன்னும் செஞ்சு கொடுங்க, சீக்கிரம்!"

அக்கா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. "எந்த அலமாரி?"

அவங்க என்னைப் பாத்தாங்க. நான் மெஷினைப் பாத்தேன். அக்கா உள்ள போய் டின்னைத் திறக்கற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து கேட்டா, சத்தமே இல்லாம. "எல்லாத்துலயும் மார்க் எழுதிக் கட்டியிருந்தேனே, பாத்தியா?"

"பாத்தேன். வெட்டிட்டேன்."

"வெட்டிட்டு?"

என் வாய் சும்மா இருக்குமா? "வெட்டிட்டு எல்லாத்துக்கும் பாஸ் போட்டுட்டேன், போதுமா? இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? ஊர் ஜனம் கொண்டாடுது!"

அக்கா ஸ்டூல்ல உக்காந்தா. "ஹெட்மாஸ்டராவது என்னைக் கேட்டுட்டு மாத்துவார்டி"ன்னா.

துணிக்கடைக்காரம்மா மெதுவா செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் செஞ்சது தப்புன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தோணல. ஆனா அவ மூஞ்சியைப் பாத்தப்ப, ரைட்டா தப்பான்னு கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு மட்டும் புரிஞ்சுது.

மறுநாள் கடைக்குப் போய் மீதி இருந்ததை எல்லாம் வழிச்சு எடுத்துக்கிட்டு வந்தா. அதோட விட்டாளா? வாங்கினவங்க யார் யாருன்னு கேட்டு, வீடு வீடாப் போக ஆரம்பிச்சா. திருத்தின விடைத்தாளை மறுபடி வாங்கற மாதிரி! "அதுல பிழை இருக்குங்க. கொடுங்க, சரியா செஞ்சு தரேன்." சிலர் சிரிச்சாங்க. ஒருத்தர் கதவைச் சாத்திட்டார். தனியா அலையறாளேன்னு ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஒரு அம்மா வளையலைக் கழட்டாமலேயே, "எங்க பிழை, காட்டுங்க பாப்போம்"னாங்க. அக்கா பூதக்கண்ணாடியை எடுத்து அவங்க கையிலேயே கொடுத்தா. அவங்க பாத்தாங்க. அவ்வளவு நேரம் அழகா ஆட்டிக்கிட்டு இருந்த கையை அப்படியே இறக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க கண்ணுக்கும் அந்தக் கட்டி மட்டும்தான் தெரிஞ்சுது. தானா கழட்டிக் கொடுத்துட்டாங்க.

அந்த அலமாரியில இப்ப பிளாஸ்டிக் கிளிப்பு தொங்குது. துணிக்கடைக்காரம்மா மேல தப்பே இல்ல. எனக்கு ஓரம் அடிக்க மட்டும் இன்னும் துணி அனுப்பறாங்க, அக்காவைப் பத்திக் கேக்கறதில்ல.

கதவைச் சாத்தினவர் கூடக் கடைசியில கொடுத்துட்டார். எல்லாம் திரும்பி வந்துடுச்சு, அந்த இலைக் கம்மல் ஒரு ஜோடி மட்டும் வரல. யார் வாங்கினாங்கன்னு கடையில தெரியல. "முன்னப் பின்ன பாத்த முகம் இல்ல"ன்னுட்டாங்க. அது ஒண்ணாவது தப்பிச்சுதேன்னு நான் மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை கதவை யாரோ தட்டோ தட்டுன்னு தட்டினாங்க. எனக்கு அந்தத் தட்டு தெரியும். நான்தான் போய்த் திறந்தேன். ஞாயிறு நிக்கறா, யூனிஃபார்ம்ல ஒரு பட்டன் போயிடுச்சுன்னு. காதுல அந்த இலைக் கம்மல்.

"பாத்தீங்களாக்கா?" தலையை இப்படியும் அப்படியும் ஆட்டறா, இலை ரெண்டும் குதிக்குது. "அந்தக் கடையில டீச்சர் செஞ்சதுன்னு சொன்னாங்க. அப்புறம் நான் யோசிக்கவே இல்ல. ஃபாக்டரியில எல்லாரும் எங்க வாங்கினே, எங்க வாங்கினேன்னு ஒரே தொல்லை. எங்க டீச்சர் செஞ்சதுன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க!"

நான் அவ முடியை இழுத்துக் காதை மூடினேன். "பட்டன்தானே, நாளைக்கு வா, இப்ப ஓடு"ன்னு தள்ளினேன். அவ புரியாம சிரிச்சுக்கிட்டே நிக்கறா. பின்னாடி அக்கா வந்துட்டா.

அந்த முடியை விலக்கிக் காதைப் பாத்தா. "கழட்டு"ன்னா.

"ஏன் டீச்சர்?"

"அதுல பிழை இருக்கு. இடது இலை நீளம். பின்பக்கம் சுத்தமா இல்ல. சரி பண்ணித் தரேன்."

எனக்குப் பொறுக்கல. "அக்கா, உன் காலைப் பிடிச்சுக்கறேன். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டே, நான் வாயைத் திறந்தேனா? இவளுக்காவது விட்டுடு."

"இவளுக்குத்தான் விடக் கூடாது." அக்கா கையை நீட்டினா. "இவளுக்கு ஒரு தடவை விட்டுட்டேன்டி."

நோட்டைக் கொண்டாங்கன்னு டீச்சர் கேட்டா பிள்ளைங்க கொடுக்குமே, அந்த மாதிரி அந்தப் பொண்ணு ரெண்டையும் கழட்டி அவ உள்ளங்கையில வெச்சுட்டா. "எப்ப வரட்டும் டீச்சர்?"

"அடுத்த ஞாயிறு."

அதுக்கப்புறம் எத்தனையோ ஞாயிறு போயிடுச்சு. அக்கா மத்தவங்களுக்கு எல்லாம் காசைத் திருப்பிக் கொடுத்துட்டா, வேற எதையும் செய்யறதில்ல. அந்த ஒரே ஜோடியைத்தான் உருக்கறா, தட்டறா, அறுக்கறா, ராவறா. ஆறு. ஏழு. ஒரு தடவை எட்டரை வந்துச்சு. அன்னைக்கு நான் அவ தட்டுல ரெண்டாவது தடவை சோறு வெச்சேன், அவளும் சாப்பிட்டா. மறுநாள் டார்ச்சு சத்தம். என் வீட்டுக்காரர் கூட இப்ப கிண்டல் பண்றதில்ல. சத்தம் கேட்டா எழுந்து வாசல்ல போய் நின்னுக்கறார்.

ஞாயிறு மட்டும் வாரம் தவறாம வரா. கம்மல் இல்லாம காது ஓட்டை தூர்ந்து போயிடுமேன்னு நான்தான் ரெண்டு காதுலயும் நூல் கோத்து முடிச்சுப் போட்டு விட்டேன். அழுக்கானதும் அவுத்துட்டுப் புது நூல். என்கிட்ட எல்லா நிறத்துலயும் நூல் இருக்கு, அவளுக்குப் பிடிச்ச நிறத்தை அவளே எடுத்துக்குவா. முதல்ல எல்லாம் பின் ரூம் வரைக்கும் போய், "ஆச்சா டீச்சர்?"னு கேப்பா. "இன்னும் ஒரே ஒரு தடவை"ம்பா அக்கா. இப்பல்லாம் அவ தட்டற சத்தம் கேட்டதுமே அக்கா உள்ள கதவைச் சாத்திக்கறா. இவளும் போய்க் கேக்கறதில்ல.

போன வாரம் பச்சை நூல் எடுத்துக் கொடுத்தா. ஸ்டூல்ல உக்கார வெச்சு, ஒரு காதுல கோத்து முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். சாத்தின கதவையே பாத்துக்கிட்டு இருந்தவ மெதுவா கேட்டா.

"அக்கா, டீச்சர் எப்பவும் என்னைப் பாஸ்தானே போடுவாங்க. இந்தத் தடவை மட்டும் நான் என்ன பண்ணினேன்?"

உன் மேல ஒரு தப்பும் இல்லடின்னு சொல்ல வாயெடுத்தேன். உள்ள சத்தம் ஆரம்பிச்சுது. கனமா, விடாம. அவளுக்கு அந்தச் சத்தத்தோட அர்த்தம் தெரியாது.

"அந்தப் பக்கம் திரும்பு, இன்னொரு காதைக் காட்டு"ன்னேன்.